படம் இருக்கிறது, தேடினால் வரவில்லை: விக்கிமீடியா பொதுவகத்தின் கட்டமைக்கப்பட்ட தரவில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

கோயில்கள், பறவைகள், திருவிழாக்கள், பழைய அஞ்சலட்டைகள் என்று யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்புகளின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் தமிழர்கள் ஏற்றியிருக்கும் படங்கள் ஏராளம். அவற்றில் பல, தேடுபவர் கண்ணில் படாமலே கிடக்கின்றன. படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிய தகவல்தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளுக்கு நடுவே தகவல் இல்லாத படம் இருந்தும் இல்லாததுதான். வெயிலில் நின்று எடுத்து, எவரும் பயன்படுத்த உரிமமும் கொடுத்து ஏற்றிய படம் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் ஆறுவதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு. உங்களுக்குத் தெரியும் அறிகுறியைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

'நாள்', 'படைத்தவர்' போன்ற தகவல் வகைதான் பண்பு. ஒரு பண்பும் அதன் மதிப்பும் சேர்ந்தது கூற்று. விக்கித்தரவு என்ற தரவுத்தளத்தில் ஒரு பொருளுக்கோ ஆளுக்கோ இருக்கும் பதிவு உருப்படி. பண்பு எண்களுக்கு முன்னால் பி, விக்கித்தரவு உருப்படிகளுக்கு முன்னால் கியூ, கோப்பின் தரவு எண்ணுக்கு முன்னால் எம் என்று எழுதுகிறேன். திரையில் இவை ஆங்கில எழுத்துகளாக இருக்கும்.

முதலில்: தகவல் மூன்று இடங்களில் இருக்கிறது

2004 செப்டம்பரில் பொதுவகம் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள், படத்தைப் பற்றி எதைச் சொல்வதானாலும் கோப்புப் பக்கத்தின் விக்கி உரையில்தான் எழுத வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் பன்மொழிப் படக்குறிப்புகள் வந்தன. ஏப்ரலில் 'சித்தரிப்பது' என்ற பண்பு வந்தது. அதே ஆண்டிலேயே படைத்தவர், நாள், உரிமம், இருப்பிடம் போன்ற ஏனைய பண்புகளும் திறந்துவிடப்பட்டன. பழைய முறையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவில்லை. பழையதன் பக்கத்திலேயே புதியதையும் வைத்தார்கள். அதனால் இன்று ஒரே படத்தைப் பற்றிய செய்தி மூன்று இடங்களில் சிதறியிருக்கிறது.

முதல் இடம் விக்கி உரை. விளக்கம், வார்ப்புருக்கள் (தகவலை ஒரே அமைப்பில் காட்டும் அச்சுகள்), பகுப்புகள் (படங்களை வகைப்படுத்தும் பட்டியல்கள்) எல்லாம் இதில் இருக்கின்றன. இரண்டாவது இடம் கட்டமைக்கப்பட்ட தரவு. அதே கோப்புப் பக்கத்தில் தனித் தாவலாகத் தெரிவது இதுதான். படக்குறிப்புகளும் கூற்றுகளும் இதில் அடங்கும். இரண்டுக்கும் பக்கமும் ஒன்று, திருத்த வரலாறும் ஒன்று. சேமிப்பு மட்டும் தனித்தனி. மூன்றாவது இடம் விக்கித்தரவு. 'சித்தரிப்பது: யானை' என்று நீங்கள் சேர்த்தால், பொதுவகத்தில் பதிவாவது கியூ7378 என்ற சுட்டு மட்டுமே. யானை என்ற பெயரும், அது எந்த வகை விலங்கு என்பதும் விக்கித்தரவில் இருக்கின்றன.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி, பிழை இந்த மூன்றில் எங்கே என்பதுதான். இதைக் கேட்காமல் திருத்தத் தொடங்குபவர்கள், விக்கித்தரவில் உள்ள பிழைக்காகக் கோப்புப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எம் எண் என்பது கோப்புப் பக்கத்தின் பக்க எண்ணேதான். பக்கவாட்டுக் கருவிப் பட்டியலில் உள்ள 'கான்செப்ட் யுஆர்ஐ' இணைப்பிலோ, 'பக்கத் தகவல்' என்பதிலோ அதைப் பார்க்கலாம். கோப்பின் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக ஏற்றினால் எண் மாறிவிடும். பழைய கூற்றுகள் புதிய கோப்புக்கு வந்து சேராது.

அறிகுறி: தமிழில் படக்குறிப்பு எழுதியிருக்கிறேன், தமிழ் இடைமுகத்தில் தெரியவில்லை

பெரும்பாலும் குறிப்பு வேறு மொழியின் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். பதிவேற்றும்போது மொழிப் பெட்டியில் எந்த மொழி தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை. ஆங்கில இடைமுகத்தில் இருந்துகொண்டு தமிழில் தட்டச்சிட்டால், 'ஆங்கிலப் படக்குறிப்பு' என்ற பெயரில் தமிழ் வரி பதிவாகிவிடும். படக்குறிப்புப் பகுதியில் எல்லா மொழிகளையும் விரித்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு எதிரே தமிழ் வரி இருந்தால், அதை வெட்டித் தமிழுக்கு எதிரே ஒட்டுங்கள்; ஆங்கிலத்துக்கு ஒரு குறுவரி எழுதுங்கள். இதற்குப் பத்து நொடி போதும். ஒரு தொகுதிப் படங்களையும் இப்படியே ஏற்றியிருந்தால், கீழே மொத்தத் திருத்தம் பற்றிச் சொல்லும் பகுதியைப் பாருங்கள்.

குறிப்பு சரியான பெட்டியில் இருந்தும் தெரியவில்லை என்றால் விருப்பத்தேர்வுகளில் உங்கள் இடைமுக மொழியைச் சரிபாருங்கள். வேறு காரணம் இருப்பது அரிது.

நீளமான விளக்கத்தை அப்படியே படக்குறிப்பில் திணிக்க முயன்றால் இடம் போதாது. படக்குறிப்பு ஒரு வரிக்கானது: 'தஞ்சைப் பெரிய கோயில் விமானம், தென்கிழக்கிலிருந்து' என்றால் போதும். வரலாற்றை விளக்கத்தில் எழுதுங்கள்.

அறிகுறி: யாரோ என் படக்குறிப்பை நீக்கிவிட்டார், 'உரிமம்' என்று காரணம் சொல்கிறார்

இது கோளாறே இல்லை. விக்கி உரையில் எழுதுவது, எழுதியவர் பெயரைச் சொல்லி அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ உரிமத்தின் கீழ் வருகிறது. கட்டமைக்கப்பட்ட தரவில் சேர்ப்பது, படக்குறிப்பு உட்பட, சிசி ஸீரோ; எழுதியவர் எந்த உரிமையையும் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே இன்னொருவர் எழுதிய விளக்கப் பத்தியை நீங்கள் வெட்டிப் படக்குறிப்பில் ஒட்டினால், அவருடைய எழுத்தை அவர் அனுமதியில்லாமல் விட்டுக்கொடுக்கிறீர்கள். நீங்களே எழுதிய விளக்கமானால் தடையில்லை. பிறர் எழுதியதானால் உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள். 'மதுரை, வைகை ஆறு' போன்ற வெறும் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் எழாது.

அறிகுறி: 'சித்தரிப்பது' பட்டியலில் எல்லாம் ஆங்கிலப் பெயராக வருகிறது

கோப்புப் பக்கத்தில் கைவைக்காதீர்கள். அந்த விக்கித்தரவு உருப்படிக்குத் தமிழ்ப் பெயர் இல்லாததால் மென்பொருள் ஆங்கிலப் பெயரைக் காட்டுகிறது. பெயரைச் சொடுக்குங்கள், விக்கித்தரவுப் பக்கம் திறக்கும். அங்கே தமிழ்ப் பெயரையும், ஊர் வழக்கில் வேறு பெயர்கள் இருந்தால் அவற்றை மாற்றுப் பெயர்களாகவும் சேர்த்துவிடுங்கள்.

புள்ளி ஆந்தையின் படம் ஒன்றை யாரோ ஒரு மராட்டியர் எடுத்து, ஒரு சொல் தமிழும் இல்லாமல் ஏற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சித்தரிப்பது' என்பதில் அந்தப் பறவையின் உருப்படியைச் சேர்த்திருக்கிறார். அந்த உருப்படிக்கு விக்கித்தரவில் 'புள்ளி ஆந்தை' என்ற பெயர் இருந்தால், பொதுவகத்தின் படத்தேடலில் ஒருவர் தமிழில் 'புள்ளி ஆந்தை' என்று தட்டச்சிடும்போது அந்த மராட்டியரின் படமும் வரும். தேடல் முதலில் உங்கள் சொல்லுக்குப் பொருந்தும் உருப்படிகளைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அவற்றைச் சித்தரிக்கும் கோப்புகளைக் கொண்டுவருகிறது. விக்கித்தரவில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர் சேர்த்தால், அந்தப் பறவையைச் சித்தரிப்பதாகக் குறிக்கப்பட்ட படம் ஒவ்வொன்றும் தமிழருக்குக் கிடைக்கும். பொதுவகத்தில் தமிழுக்காக இதைவிடப் பலன் தரும் வேலை ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி: கூற்று சேர்த்தும் தேடலில் படம் வரவில்லை

வரிசையாகப் பாருங்கள்.

இப்போதுதான் சேர்த்தீர்களா? தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படச் சிறிது நேரம் ஆகும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் தேடுங்கள்.

நாள் கடந்தும் வரவில்லையா? தவறான உருப்படியைச் சேர்த்திருக்கலாம். ஒரே பெயரில் ஊர், ஆறு, திரைப்படம், மனிதர் என்று பல உருப்படிகள் விக்கித்தரவில் உண்டு. 'காவேரி' என்று தட்டச்சிட்டு முதலில் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால் ஆறு வரும் என்பதற்கு உறுதி இல்லை. பெயருக்குக் கீழே வரும் சிறு விளக்கத்தைப் படித்துத் தேருங்கள்.

சரியான உருப்படிதான், ஆனால் 'ஆந்தை' என்று தேடினால் 'புள்ளி ஆந்தை' வரவில்லையா? கூற்றைக் கொண்டு தேடும் 'ஹேஸ்டபிள்யூபிஸ்டேட்மென்ட்' என்ற தேடல் கட்டளை, நீங்கள் கொடுத்த உருப்படியை மட்டுமே பார்க்கும். புள்ளி ஆந்தை ஓர் ஆந்தை என்ற அறிவு அதற்கு இல்லை. யானையைக் கேட்டால் கியூ7378 என்றே குறித்த படங்கள் வரும். ஆசிய யானை என்று துல்லியமாகக் குறித்த படங்கள் வராது.

இங்கேதான் பலர் தவறான தீர்வுக்குப் போகிறார்கள். படம் எல்லாத் தேடலிலும் வர வேண்டும் என்று புள்ளி ஆந்தை, ஆந்தை, பறவை, விலங்கு, மரக்கிளை, வானம் என்று அடுக்கிவிடுகிறார்கள். அதன் விளைவு, 'வானம்' என்று தேடுபவருக்கு ஆந்தைகள் வருகின்றன. மிகத் துல்லியமான உருப்படியை மட்டும் சேருங்கள். படத்தில் பல பொருள்கள் இருந்தால் முக்கியமானதை முதன்மையாகக் குறியுங்கள். பொதுவான வகைகளுக்கு ஏறிச்செல்லும் வேலையை, நிபந்தனைகள் எழுதித் தரவைக் கேட்டுப் பெறும் வினவல் சேவையிடம் விட்டுவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

நாளைக் கொண்டும் இடப்புள்ளியைக் கொண்டும் தேட இந்தக் கட்டளை உதவாது. அவற்றுக்கும் வினவல் சேவைதான்.

அறிகுறி: விக்கித்தரவில் படத்தைச் சேர்த்தேன், கோப்புப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை

மாறாது. விக்கித்தரவில் 'படம்' என்ற பண்பு, பி18, உருப்படியிலிருந்து கோப்பை நோக்கிப் போகிறது. 'சித்தரிப்பது', பி180, கோப்பிலிருந்து உருப்படியை நோக்கிப் போகிறது. ஒன்றைப் போட்டால் மற்றொன்று தானாக வராது. இரண்டையும் நீங்களே சேர்க்க வேண்டும். பி18-இல் ஓர் உருப்படிக்கு ஒரு நல்ல படம் போதும். எடுத்த எல்லாப் படங்களையும் அங்கே அடுக்கக் கூடாது. 'சித்தரிப்பது' என்பதற்கு அந்த வரம்பு கிடையாது.

அறிகுறி: வரைபடத்தில் தஞ்சாவூர்ப் படம் ஆர்க்டிக்கில் தெரிகிறது

தஞ்சைப் பெரிய கோயில் ஏறத்தாழ வடக்கு 10.78 பாகையிலும் கிழக்கு 79.13 பாகையிலும் இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வடக்கு 79, கிழக்கு 10 ஆகிவிடும். அது நார்வேயின் ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தின் பக்கம். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் தீர்க்கரேகை எண்கள் 76-க்கும் 82-க்கும் இடையில் இருப்பதால், நம் பக்கத்துப் படங்கள் தலைகீழானால் எப்போதும் வடதுருவத்தை ஒட்டியே போய் விழும். வரைபடத்தைத் திறந்து பனிக்கடலில் பாருங்கள். இருந்தால் காரணம் இதுதான்.

எங்கிருந்து வருகிறது இந்தப் பிழை? விக்கி உரையின் இருப்பிட வார்ப்புருவிலும், கூற்றுகளை மொத்தமாகச் சேர்க்கும் குயிக்ஸ்டேட்மென்ட்ஸ் கருவியிலும் அட்சரேகை முதலில் வர வேண்டும். வினவல் சேவையின் விடையில் 'பாயின்ட்' என்ற சொல்லுக்குப் பின் தீர்க்கரேகைதான் முதலில் வருகிறது. இடத்தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்புகளிலும் அப்படியே. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்டும்போது மாறிவிடுகிறது. விரிதாளில் ஒரு சோதனை போதும்: இந்தியாவின் எந்தப் படத்துக்கும் அட்சரேகை 38-ஐத் தாண்டாது. தாண்டிய வரிகள் எல்லாம் தலைகீழானவை.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. படம் எடுத்தவர் நின்ற இடம் வேறு, படத்தில் உள்ள பொருள் இருக்கும் இடம் வேறு. நின்ற இடத்துக்குப் பண்பு பி1259; பொருள் இருக்கும் இடத்துக்கு பி9149. திருச்சி மலைக்கோட்டையைக் காவிரிப் பாலத்திலிருந்து எடுத்தால் இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருக்கும். கைபேசி படத்துக்குள் எழுதிவைப்பது நின்ற இடத்தை. அதைக் கொண்டுபோய் பி9149-இல் போட்டால் மலைக்கோட்டை ஆற்றுக்கு நடுவே நிற்கும். விக்கித்தரவு உருப்படிகளில் பயன்படும் பி625-ஐக் கோப்புகளில் சேர்த்திருப்பதையும் காணலாம். அது இரண்டில் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் விளங்காது. பார்த்த இடத்தில் திருத்திவிடுங்கள்.

வீட்டு மாடியில் நின்று எடுத்த படமா? பி1259 உங்கள் வீட்டை உலகுக்குக் காட்டும். ஏற்றுவதற்கு முன்பே படத்திலிருந்து இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள். ஏற்றிய பின் கூற்றை நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். படத்துக்குள் பதிந்ததும் அப்படியே இருக்கும்.

அறிகுறி: நாள் தவறு

இதில் மூன்று வகை.

தஞ்சைப் பெரிய கோயில் படத்தின் 'தோற்றம்' என்ற பண்பில், பி571-இல், 1010 என்று இருக்கும். முதலாம் இராசராசன் கட்டிமுடித்த ஆண்டு அது. ஆனால் இந்தக் கூற்று நிற்பது புகைப்படக் கோப்பின் மீது. ஆகவே 1010-இல் எடுத்த புகைப்படம் என்று பொருளாகிவிடுகிறது. கோயிலின் ஆண்டு விக்கித்தரவில் கோயிலின் உருப்படியில் இருக்க வேண்டும். கோப்பில் படம் எடுத்த நாளே இருக்க வேண்டும்.

இரண்டாவது, வருடிய (ஸ்கேன் செய்த) படங்கள். ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். அந்த அச்சுப் படங்களில் ஒன்றை யாரோ நம் காலத்தில் வருடி ஏற்றினால், கோப்புக்குள் இருக்கும் நாள் வருடிய நாளாக இருக்கும். பதிவேற்றும் கருவி அதையே எடுத்துக்கொள்ளும். 1858 என்று மாற்றுங்கள். ஆண்டு மட்டும் தெரியுமானால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். ஜனவரி 1 என்று கற்பனையாகச் சேர்க்காதீர்கள். நிரல் வழியே எழுதுபவர்களுக்கு: துல்லிய எண் 9 என்றால் ஆண்டு, 10 மாதம், 11 நாள். ஆண்டு மட்டும் தெரிந்த இடத்தில் 11 என்று அனுப்பினால், இல்லாத உறுதியை இருப்பதாகச் சொல்லிவிடுகிறீர்கள். 'ஏறத்தாழ' என்று சொல்ல வேண்டுமானால் பி1480 என்ற பண்பைக் கூடுதல் விவரமாகச் சேர்க்கலாம்.

மூன்றாவது, மணி நிமிடம் காணாமல் போவது. கட்டமைக்கப்பட்ட தரவு நாளோடு நின்றுவிடும். மணியை அது வைத்துக்கொள்வதில்லை. மணி முக்கியமான படமானால், கிரகணம் போல, விக்கி உரையில் இருக்கட்டும்.

அறிகுறி: படைத்தவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதில் 'அறியப்படாத மதிப்பு' என்று இருக்கிறது

இதைப் பார்த்ததும் கோபப்பட்டு நீக்கிவிடுபவர்கள் உண்டு. பிறகு ஒரு தானியங்கி (தானாகத் திருத்தம் செய்யும் நிரல்) வந்து மறுபடியும் சேர்க்கும், மறுபடியும் நீக்குவார்கள். நீக்க வேண்டாம். 'படைத்தவர்' என்ற பண்பு, பி170, விக்கித்தரவு உருப்படியை மட்டுமே மதிப்பாக ஏற்கும். நம்மில் பெரும்பாலோருக்கு விக்கித்தரவில் உருப்படி இருக்காது. அதனால் அந்த இடத்தில் 'அறியப்படாத மதிப்பு' என்று வைத்து, அதற்குக் கீழே கூடுதல் விவரங்களாக நம் பெயரை எழுதுகிறார்கள்: பி2093-இல் பெயர், பி4174-இல் விக்கிமீடியா பயனர் பெயர், பி2699-இல் பயனர் பக்க முகவரி. கூற்றை விரித்துப் பாருங்கள். உங்கள் பெயர் அங்கே இருக்கும். தவறாக இருந்தால் அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.

இதைத் தவிர்ப்பதற்காகத் தனக்கே ஒரு விக்கித்தரவு உருப்படி உருவாக்கிக்கொள்வது சரியல்ல; பொதுவெளிச் சான்றுகள் இல்லையென்றால் அது நீக்கப்படும். டிரைப் போல உருப்படி உள்ள புகைப்படக்காரரானால் நேரடியாக அவரையே மதிப்பாகக் கொடுங்கள். அவர் பெயரை வெறும் எழுத்தாக எழுதிவிட்டுப் போவது இணைப்பை வீணாக்குவது.

அறிகுறி: உரிமம் விக்கி உரையில் இருக்கிறது, தரவில் இல்லை

நாள், உரிமம் போன்றவற்றை விக்கி உரையிலிருந்து படித்துத் தரவில் சேர்க்கும் தானியங்கிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வழக்கமான வார்ப்புருவைப் பயன்படுத்தியிருந்தால் நீங்கள் காத்திருந்தாலே போதும். உரிமத்தைச் சொந்த வாக்கியமாக எழுதியிருந்தாலோ, பயனர்வெளியில் செய்த தனி வார்ப்புருவுக்குள் ஒளித்துவைத்திருந்தாலோ தானியங்கிக்குப் புரியாது. அப்போது நீங்களே சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது இரண்டும் தேவை: காப்புரிமை நிலை பி6216, உரிமம் பி275. சிசி பை-எஸ்ஏ 4.0 தந்த படம் இன்னமும் காப்புரிமை உள்ள படம்தான். 'காப்புரிமை உண்டு' என்பதும் அந்த உரிமமும் சேர்ந்து நிற்க வேண்டும். பொதுப் பரப்பில் உள்ள பழைய படத்துக்கு உரிமம் என்று எதுவும் இல்லை; நிலை மட்டும்தான். அதோடு எந்த நாட்டுச் சட்டப்படி என்பதை பி1001-இலும், எந்தக் காரணத்தால் என்பதை பி459-இலும் சேருங்கள். டிரைப் 1902-இல் இறந்தவர். இறந்து 100 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது அங்கே காரணமாக வரும்.

அறிகுறி: ஓவியத்துக்கான வார்ப்புரு வெறுமையாக இருக்கிறது

கலைப்படைப்பு வார்ப்புரு, ஓவியர், காலம், அளவு, எந்த அருங்காட்சியகம் என்பனவற்றை விக்கித்தரவிலிருந்து எடுத்து நிரப்பும். எந்த உருப்படியிலிருந்து எடுப்பது என்று அதற்குச் சொல்வது பி6243, 'இதன் எண்ணிம உருவம்' என்ற பண்பு. ஓவியத்துக்கு உருப்படி இருந்தால் பி6243-இல் அதைக் கொடுங்கள், பக்கம் நிரம்பிவிடும்.

ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனியின் புகைப்படத்துக்கு இதைப் போடாதீர்கள். தட்டையான ஓவியத்தை நேராக எடுத்த படம் ஓவியத்தின் நகல். திருமேனியை எந்தக் கோணத்தில், எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்பதில் புகைப்படக்காரரின் கை இருக்கிறது. அது அவருடைய தனிப் படைப்பு. 'சித்தரிப்பது' என்பதே அதற்குப் பொருத்தம். பி6243-ஐச் சிற்பத்துக்குப் போட்டால், புகைப்படக்காரருக்கு உரிமையே இல்லை என்று படிப்பவர் தவறாக எண்ண இடமுண்டு.

அறிகுறி: பகுப்பில் தகவற்பெட்டி வரவில்லை

ஊரின் பகுப்பில் விக்கித்தரவுத் தகவற்பெட்டி வார்ப்புருவைச் சேர்த்தும் பெட்டி காலியாக இருந்தால், விக்கித்தரவு உருப்படியின் அடிப்பகுதியில் உள்ள தள இணைப்புகளை (உருப்படியை விக்கிப் பக்கங்களோடு இணைப்பவற்றை) பாருங்கள். பலர் பி373-இல் பகுப்பின் பெயரை எழுதிவிட்டு இணைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது வெறும் எழுத்து. தகவற்பெட்டிக்குத் தள இணைப்பு வேண்டும்.

இணைக்கப் போனால் 'இந்தப் பக்கம் ஏற்கெனவே வேறோர் உருப்படியோடு இணைக்கப்பட்டிருக்கிறது' என்று மறுக்கலாம். அந்த வேறு உருப்படியைத் திறந்து பாருங்கள். அதே ஊருக்கு இரண்டாவதாக உருவான உருப்படியானால், இரண்டையும் ஒன்றிணையுங்கள். 'விக்கிமீடியா பகுப்பு' என்ற வகை உருப்படியானால் ஒன்றிணைக்கக் கூடாது. ஊர் வேறு, ஊரைப் பற்றிய பகுப்பு வேறு. பகுப்பு உருப்படியில் பி301-இல் ஊரையும், ஊரின் உருப்படியில் பி910-இல் அந்தப் பகுப்பு உருப்படியையும் கொடுங்கள். தகவற்பெட்டி அந்த வழியே ஊரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். உடனே தெரியாவிட்டால் முகவரியின் கடைசியில் 'பர்ஜ்' கட்டளை கொடுத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள்.

அறிகுறி: மொத்தத் திருத்தம் பாதியில் நிற்கிறது, அல்லது எதுவுமே நடக்கவில்லை

தரவைத் தொகுதியாகச் சீர்செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் 3.6 பதிப்பு முதல் பொதுவகத் தரவைத் திருத்த முடிகிறது. தொகுதியாகத் திருத்த எனக்கு அதுதான் பிடித்தமானது. அனுப்புவதற்கு முன் என்ன மாறப்போகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. குயிக்ஸ்டேட்மென்ட்ஸ் வேகமானது. அதற்குக் கோப்புப் பெயர் போதாது, எம் எண் வேண்டும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எம் இருக்கிறதா, வெறும் எண் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கருவியானாலும் முதலில் ஐந்து கோப்புகளுக்கு மட்டும் ஓட்டி, பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே மீதியை அனுப்புங்கள்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒன்று: தரவைப் படிக்கும்போது கூற்றுகள் 'ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற பெயரில் வருகின்றன, எழுதும்போது 'கிளெய்ம்ஸ்' என்ற பெயரில் அனுப்ப வேண்டும். படித்ததை அப்படியே திருப்பி அனுப்பினால் எதிர்பார்த்தது நடக்காது. இரண்டு: கூற்று எதுவும் இல்லாத கோப்பில் அந்த இடத்தில் நெளிவு அடைப்புக்குப் பதிலாக வெற்றுச் சதுர அடைப்பு வரலாம்; அகராதி என்று நம்பிக் கைவைக்கும் நிரல் அங்கே முறிந்துவிடும். மூன்று: தரவு ஒருபோதும் சேர்க்கப்படாத கோப்பைக் கேட்டால் 'மிஸ்ஸிங்' என்று விடை வரும். கோப்பு இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது, எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: வினவல் சேவையில் விடை வரவில்லை, அல்லது பெயர்களுக்குப் பதில் எண்கள் வருகின்றன

பொதுவகத்தின் வினவல் சேவை விக்கித்தரவின் வினவல் சேவையிலிருந்து தனியானது. பொதுவகக் கணக்கில் உள்நுழையாமல் அது விடை தராது. உலாவியில் ஓடும் வினவல் உங்கள் நிரலிலிருந்து ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

கியூ எண்கள் மட்டும் வந்தால், உருப்படிகளின் பெயர்கள் அந்தச் சேவையில் இல்லாததே காரணம். பெயர்கள் விக்கித்தரவில் இருப்பதால், வினவலுக்குள்ளேயே விக்கித்தரவுச் சேவையைக் கூட்டுச்சேர்த்து, பெயர் கேட்கும் வரியை அதன் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்.

முன்பு சொன்ன ஆந்தைக்கு வருவோம். கோயில், கோட்டை போன்றவற்றுக்கு மேல்வகைக்கு ஏற பி31, பின்பு பி279 என்ற பாதை உதவும். உயிரினங்களுக்கு இந்தப் பாதையில் போனால் விடை வராது. அவை பி171, அதாவது மேல்நிலை வகைப்பாடு, என்ற பண்பால் கோக்கப்பட்டிருக்கின்றன. புள்ளி ஆந்தையிலிருந்து பேரினம், குடும்பம் என்று பி171 வழியே ஏறினால் எல்லா ஆந்தைப் படங்களையும் ஒரே வினவலில் எடுக்கலாம். விக்கித்தரவுப் பகுதியை முதலில் ஓடவிட்டு உருப்படிகளின் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, பிறகு பொதுவகக் கோப்புகளைக் கேளுங்கள். வரிசை மாறினால் வினவல் நேர வரம்பைத் தாண்டி அறுந்துவிடும்.

அறிகுறி: இரட்டைக் கோப்பு நீக்கப்பட்டது, கூற்றுகளும் போய்விட்டன

ஒரே படம் இரண்டு முறை ஏற்றப்பட்டிருந்தால் ஒன்றை நீக்கி மற்றதற்கு வழிமாற்று வைப்பார்கள். நீக்கிய கோப்பின் கூற்றுகள் மற்றதற்குத் தாமாகப் போய்ச் சேராது. நீக்கும் வேண்டுகோள் வைப்பதற்கு முன்பே இரண்டின் தரவுத் தாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இல்லாதவற்றைச் சேர்த்துவிடுங்கள். நீக்கப்பட்டுவிட்டது என்றால் நிர்வாகி ஒருவரால்தான் பழைய வரலாற்றைப் பார்க்க முடியும், அவரிடம் கேளுங்கள். ஒரு படத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டிப் புதுக் கோப்பாகச் சேமிக்கும்போதும் அதற்குத் தனி எம் எண் பிறக்கிறது. அதன் 'சித்தரிப்பது' கூற்றுகளைத் தனியே பாருங்கள். முழுப் படத்தில் இருந்த கோபுரம் வெட்டியெடுத்த முகத்தில் இருக்காது.

இவற்றில் எதிலும் அடங்காத கோளாறானால் மென்பொருளின் பிழையாக இருக்கலாம். விக்கிமீடியாவின் பிழைப் பதிவுத் தளமான ஃபேப்ரிக்கேட்டரில் பதியுங்கள்: எம் எண், நீங்கள் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது, உலாவியின் பெயர், இடைமுக மொழி. இடைமுக மொழியைக் கட்டாயம் எழுதுங்கள். தமிழில் மட்டும் வரும் பிழையை ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு 'எங்களுக்கு வரவில்லை' என்று மூடிவிட வாய்ப்புண்டு.